அம்மா வீட்டுத் தண்ணீர்க் கணக்கு

அம்மா மடிப்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில். தினமும் ராத்திரி எட்டரை மணிக்குப் போன் செய்வேன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் தண்ணீரில் வந்துதான் நிற்கும். மடிப்பாக்கத்துக்காரர்களுக்கு இது புரியும்.

"இன்னைக்கு லாரி வந்துட்டுப் போச்சு. ஒன்பதாயிரம் லிட்டர்."

"இப்பதானேம்மா வந்துது?"

"இருபது நாள் ஆச்சு. லாரிக்காரன் குறைச்சு ஊத்துறான்னு நினைக்கிறேன். நானும் எத்தனை நாள் பக்கத்துலேயே நின்னு பார்க்கறது?"

போனை வைத்துவிட்டு வகுத்துப் பார்த்தேன். 9,000 லிட்டர், 20 நாள். ஒரு நாளைக்கு 450 லிட்டர். நகரத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் நம் நாட்டில் தண்ணீர்த் திட்டம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அம்மா அரிசி களைந்த தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிறவர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயத்தில் ஒரு வாளியில் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே வாசலும் கழுவியவர். அவர் ஒற்றை ஆளாக 450 லிட்டர் செலவழிக்கிறார் என்றால் யார் நம்புவது?

இத்தனைக்கும் அந்த வீட்டில் தண்ணீர் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. நான்தான் வாங்கிப் பொருத்தினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எதுவும் சொல்லாது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஆன்லைனில் வாங்கியது. பைப்பை வெட்ட வேண்டாம், மேலே கவ்வி மாட்டினால் போதும். ஒலி அலையை வைத்து உள்ளே ஓடும் தண்ணீரை அளந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டு கொடுத்து, மொபைல் நம்பர் கொடுத்து, ஆப் போட்டு, கணக்குத் தொடங்கி, எல்லாம் பத்து நிமிட வேலை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அம்மா வீட்டில் எந்த நேரத்தில் எத்தனை லிட்டர் ஓடியது என்று பார்க்கலாம். பதினாலு மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு ஒரு நாள், சேவையை நிறுத்திக்கொள்வதாக நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்னும் முப்பது நாள், அவ்வளவுதான். கருவியில் ஒரு பழுதும் இல்லை. அளக்கத்தான் செய்கிறது. ஆனால் அளந்த எண்ணை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

'கிளவுட்' என்று சொல்கிறார்களே, விஷயம் இதுதான். அளப்பது அம்மா வீட்டு மாடியில். அளந்த எண் அங்கிருந்து இன்டர்நெட் வழியாக வெளியே போய், எங்கேயோ இருக்கும் அந்த நிறுவனத்தின் கணினியில் ஏறி, அங்கிருந்து திரும்பி அடுக்களையில் இருக்கும் அம்மாவின் போனுக்கு வரும். மாடிக்கும் அடுக்களைக்கும் நடுவில் பதினைந்து படி. எண் போய்விட்டு வருவது பல ஆயிரம் கிலோமீட்டர். தெருவில் கேபிளுக்காகப் பள்ளம் தோண்டி இன்டர்நெட் போய்விட்டால் அன்றைக்குத் தண்ணீர்க் கணக்கும் கிடையாது.

இது எனக்கு மட்டும் நடந்த ஏமாற்றம் இல்லை. அமெரிக்காவில் ரிவால்வ் என்று வீட்டு மின்சாதனங்களை இயக்கும் ஒரு பெட்டி விற்றார்கள். ஏறக்குறைய 300 டாலர். கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் 2014-ல் அந்த நிறுவனத்தை வாங்கி, 2016 மே மாதம் அந்தச் சேவையையே மூடியது. பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் முன்னறிவிப்பே இல்லாமல் தன் சர்வரை நிறுத்த, அதை நம்பியிருந்த வீடுகளில் ஆப்பைத் திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம் சுவரில் இருக்கிறது. அதன் உயிர் வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் பிரச்சினை கருவி சாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கருவி மாட்டிய புதிதில் நான் அந்த ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பேன். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், ராத்திரி 12:50-க்கு ஒரு கோடு, 2:10-க்கு ஒரு கோடு, 3:40-க்கு ஒரு கோடு. ஒவ்வொன்றும் ஆறேழு லிட்டர். ஃப்ளஷ் டேங்க் நிரம்பும் அளவு. உடனே போன் செய்து, "என்னம்மா, ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கே? சுகர் டெஸ்ட் பண்ணியா?" என்றேன். அக்கறையாகத்தான் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதெல்லாமா உனக்குத் தெரியுது?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

அடுத்த வாரம் முழுக்க ராத்திரியில் ஒரு கோடும் இல்லை. அம்மா நன்றாகத் தூங்குகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பொங்கலுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சாயங்காலமே இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து பாத்ரூமில் வைத்துவிடுகிறார். ராத்திரியில் எழுந்தால் குழாயைத் தொடுவதில்லை. மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். எழுபத்து மூன்று வயதில், மகள் பார்க்கிறாளே என்று, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு.

"நீ பார்க்கறது சரி, நீ என் பொண்ணு. அந்தக் கம்பெனிக்காரனுக்கு எதுக்குடி நான் எத்தனை மணிக்கு பாத்ரூம் போறேன்னு?" என்று கேட்டார். நான் பார்ப்பதும் சரியில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீர்க் கணக்கில் என்ன பெரிய ரகசியம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். எப்போது எழுந்தீர்கள், வீட்டில் எத்தனை பேர், விருந்தாளி வந்தாரா, ஊருக்குப் போய்விட்டீர்களா, வீடு பூட்டியிருக்கிறதா, எல்லாமே அந்தக் கோடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தில் 2015-ல் ஒரு கொலை வழக்கு. அந்த வீட்டில் நள்ளிரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் 140 காலன், அதாவது சுமார் 530 லிட்டர் தண்ணீர் ஓடியதாகத் தண்ணீர் மீட்டர் காட்டியது. ரத்தத்தைக் கழுவியிருக்கிறார் என்று போலீஸ் தரப்பு அதைச் சாட்சியமாக வைத்தது. கடைசியில் 2017-ல் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. அது உள்ளூர் தண்ணீர் வாரிய மீட்டர்தான், கிளவுட் கருவி இல்லை. தண்ணீர்க் கணக்கு எவ்வளவு பேசும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, 450 லிட்டர் மர்மத்துக்கு வருகிறேன். மறுபடி ஒரு கருவி வேண்டும் என்று ஆனபோது அம்மா மூன்று நிபந்தனை போட்டார். வீட்டுக் கணக்கு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. எண்ணை முதலில் பார்ப்பது அவராக இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் அவரே அணைக்க முடிய வேண்டும். மூன்றுமே நியாயம். கடையில் தேடினால் மூன்றுக்கும் ஒத்துவருவதாக எனக்கு எதுவும் சிக்கவில்லை. எல்லாமே முதலில் மொபைல் நம்பரைத்தான் கேட்கிறது. அக்கா மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். "சித்தி, நாமே பண்ணிடலாம்" என்றான்.

அவன் வாங்கி வந்தது இரண்டு சாமான். ஒன்று, ஃப்ளோ சென்சார். பைப்பின் நடுவில் இணைக்கிற சின்னக் கூடு. உள்ளே ஒரு காற்றாடி, அதில் காந்தம். தண்ணீர் ஓடினால் காற்றாடி சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியில் இருக்கும் ஹால் சென்சார் ஒரு துடிப்பு கொடுக்கும். துடிப்பை எண்ணினால் லிட்டர். அரை அங்குல வகையில் ஒய்எஃப்-எஸ்201 என்று ஒன்று எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது, ஈஎஸ்பி32 என்ற தீப்பெட்டி அளவு போர்டு. அது துடிப்பை எண்ணி வைஃபை வழியாக அனுப்பும். இரண்டுமே சில நூறு ரூபாய்தான். சென்சார் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும், போர்டு 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும். நேராக இணைக்காமல் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட வேண்டும் என்று அவன் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும்.

எண்களை வாங்கி வைக்க, பரணில் கிடந்த பழைய லேப்டாப். அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான். 2013-ல் தொடங்கி உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருப்பது. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியில் உட்கார்ந்து கணக்கு வைத்துக்கொள்ளும். வெளியே யாரையும் கேட்காது. போர்டுக்குள் போடுவதற்கு ஈஎஸ்பி ஹோம் என்று ஒன்று, அதுவும் இலவசம்.

இங்கே பலருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. இன்டர்நெட் இல்லாமல் வைஃபை எப்படி வேலை செய்யும்? செய்யும். வைஃபை என்பது வீட்டுக்குள் ஓடுகிற தெரு. இன்டர்நெட் என்பது வெளியே போகிற நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையை மூடினாலும் தெருவில் நடக்கலாம். ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும், மாடியில் இருக்கும் போர்டும் ஹாலில் இருக்கும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும். நாங்கள் ரவுட்டரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அடுக்களைக் குழாயைத் திறந்து பார்த்தோம். லேப்டாப்பில் எண் ஏறியது. அம்மா குழாயை மூடினார், எண் நின்றது. மறுபடி திறந்தார். குழந்தை மாதிரி நாலைந்து முறை செய்து பார்த்தார். "இது வெளியே எங்கேயும் போகலையா?" என்று இரண்டு தடவை கேட்டு, பிடுங்கிய ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

நீங்கள் கடையில் ரெடிமேடாக வாங்குவதாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வைஃபையை அணைக்காமல் இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்க வேண்டும். எண் வந்தால் கருவி உங்களுடையது. வரவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கிற தேதி முடிவதற்குள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பொருத்துகிற வேலை எலக்ட்ரானிக்ஸை விடக் கஷ்டமாக இருந்தது. முதலில் அரை அங்குல சென்சாரையே மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு அங்குல பைப்பில் ரெடியூசர் போட்டு இணைத்தார் பிளம்பர். ஷவரில் தண்ணீர் நூலாக வந்தது. மாடித் தொட்டித் தண்ணீருக்கு அழுத்தமே தொட்டியின் உயரம்தான். மூன்று மீட்டர் உயரத்துக்கு என்ன பெரிய அழுத்தம் இருக்கும்? அதையும் ஒரு சின்னத் துளையில் நுழைத்தால் இதுதான் கதி. "தம்பி, நான் குளிக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும்" என்று அம்மா சொல்ல, மறுநாள் ஒரு அங்குல சென்சார் வாங்கி மாற்றினோம். பிளம்பர் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் யூனியன் போட்டுவிட்டார், கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாக. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு படியும், காற்றாடி ஆறு மாதத்தில் இறுகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டியும் வைத்தார். பிளாஸ்டிக் மரையை ரொம்ப முறுக்கக் கூடாது, விரிசல் விடும். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, அதன் மேல் ஸ்பானரால் கொஞ்சம், அவ்வளவுதான்.

சென்சாரில் போட்டிருக்கும் துடிப்புக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். நாங்கள் அளவுக்கு எடுத்துக்கொண்டது குடிதண்ணீர் கேன், இருபது லிட்டர். மூன்று முறை நிரப்பி, துடிப்பை எண்ணி, சராசரி எடுத்து அதைத்தான் கணினியில் போட்டோம். இன்னொன்று, இந்த மலிவு சென்சார்கள் குடிக்கிற தண்ணீருக்கென்று சான்று வாங்கியவை இல்லை. அம்மா குடிப்பது கேன் தண்ணீர் என்பதால் கவலைப்படவில்லை. தொட்டித் தண்ணீரையே குடிக்கிறவர்கள் அந்த லைனை விட்டுவிடுவது நல்லது.

முதல் வாரக் கணக்கு வந்தது. ஒரு நாளைக்கு 140, 155, 148 லிட்டர். அம்மா ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார். "பார்த்தியா? நான் சொன்னேன்ல, லாரிக்காரன் ஏமாத்துறான்னு!"

கணக்குப் படி அது சரிதான். சென்சார் 150 சொல்கிறது, லாரி 450 என்கிறது. மீதி 300 லிட்டரை லாரிக்காரர் ஊற்றவே இல்லை என்றுதான் அர்த்தம். நானும் அப்படியே நம்பினேன். லாரி ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கவும் தயாராகிவிட்டேன். அக்கா மகன்தான் தடுத்தான். "சித்தி, இந்தக் காற்றாடி நிமிஷத்துக்கு ஒரு லிட்டராவது ஓடினாத்தான் சரியாச் சுத்தும். அதுக்குக் கீழே மெதுவா ஓடினா இதுக்குத் தெரியாது" என்றான்.

நாளைக்கு 300 லிட்டர் என்றால் மணிக்கு பன்னிரண்டரை. நிமிடத்துக்கு வெறும் 200 மில்லி. ஒரு டம்ளர் தண்ணீர். காற்றாடி அசையவே அசையாது. ஆனால் அந்த டம்ளர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் தினம் 300 லிட்டர்.

அன்றைக்கு ராத்திரி அவன் அங்கேயே தங்கினான். சம்ப்பில் ஒரு கோடு போட்டு வைத்தான். பத்து மணிக்கு மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிட்டு மாடித் தொட்டிக்குள் டேப்பை விட்டு அளந்தான். காலை ஐந்து மணிக்கு மறுபடி அளந்தான். சம்ப் கோட்டில் மாற்றம் இல்லை. மாடித் தொட்டியில் ஒன்பது சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எங்கள் தொட்டியின் குறுக்களவு 110 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். ஏழு மணி நேரத்தில் 85 லிட்டர் போயிருக்கிறது. கணினியைப் பார்த்தால் ராத்திரி முழுக்கப் பூஜ்யம். அன்றைக்கும் வாளித் தண்ணீர்தான் போலிருக்கிறது, நான் கேட்கவில்லை.

இந்தச் சோதனைக்குக் கருவியே வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். டேப் இருந்தால் போதும். தொட்டி மேல் ஏற ஆள் வேண்டும், வயதானவர்கள் ஏறக் கூடாது.

சரி, எங்கே போகிறது? சுவரில் ஈரம் இல்லை. குழாய்கள் சொட்டவில்லை. சொட்டினாலும் 300 லிட்டர் வராது. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம்தான். மிச்சம் இருந்தது ஃப்ளஷ் டேங்க். அம்மாவே சமையலறையிலிருந்து கேசரி பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பாத்ரூம் டேங்கிலும் ஒரு சிட்டிகை போட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டோம். உள் பாத்ரூமில் ஒன்றும் இல்லை. கொல்லைப்பக்கம் விருந்தாளிகளுக்காகக் கட்டியது ஒன்று இருக்கிறது, மாதக்கணக்கில் யாரும் போவதில்லை. அங்கே பீங்கானில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் துளிகூட இல்லை. டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து போய்த் தண்ணீரை நிறுத்தவில்லை. டேங்க் குறையக் குறைய மிதவை வால்வு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ.

பிளம்பர் வாஷரை மாற்ற எடுத்துக்கொண்டது பதினைந்து நிமிடம். அடுத்த லாரி ஐம்பத்தேழு நாள் கழித்து வந்தது. அம்மா வாசலில் நின்று மேற்பார்வை செய்யவில்லை. டிரைவருக்குக் காபி கொடுத்தாராம். "ஏன்மா இன்னைக்கு விசேஷம்?" என்று அவர் கேட்டதற்கு, "சும்மா குடிப்பா" என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது மாடித் தொட்டி மூடியில் மட்டம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்றையும் வைத்தாயிற்று. காற்றாடி சொல்வதையும் தொட்டி குறைவதையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஹாலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பழைய கிளவுட் கருவி உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கசிவை முன்பே காட்டியிருக்குமோ என்னவோ. காட்டியிருந்தாலும் அது முதலில் எனக்குத்தான் தெரிந்திருக்கும். வீட்டுக்காரியான அம்மாவுக்குக் கடைசியில்.

இவ்வளவும் செய்ய ஆள் இல்லையே என்கிறவர்களுக்கு என் யோசனை: பல்ஸ் அவுட்புட் உள்ள சாதாரண முள் மீட்டர். சென்னையில் பெரும்பாலான தனி வீடுகளில் தண்ணீருக்கு மீட்டரே கிடையாது என்பதால் நாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஹார்டுவேர் கடையில் ஐஎஸ் 779 முத்திரையோடு கிடைக்கும் மீட்டரில், துடிப்பு கொடுக்கும் ஒயரோடும் வருகிறது. இன்றைக்கு முள்ளை மட்டும் படித்துக் குறித்துக்கொள்ளலாம். நாளைக்கு வீட்டில் யாராவது கற்றுக்கொண்டால் ஒயரைக் கணினியில் சேர்க்கலாம். கரண்ட், வைஃபை, கம்பெனி எல்லாம் போனாலும் முள் சுற்றும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்குவேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மாவின் முதல் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கேட்டேன். எழுபத்து மூன்று வயது. தனியாக இருக்கிறார். காலையில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? இதைப் பற்றி மட்டும் நாலு நாள் பேசினோம். கடைசியில் இப்படி முடிவாயிற்று. காலை எட்டு மணி வரை வீட்டில் எந்தக் குழாயும் திறக்கவில்லை என்றால் ஹாலில் ஒரு பஸ்ஸர் அடிக்கும். அம்மா பட்டனை அழுத்தினால் நின்றுவிடும். கால் மணி நேரத்துக்குள் அழுத்தவில்லை என்றால் எனக்கு ஒரே ஒரு செய்தி வரும். லிட்டர், நேரம் எதுவும் அதில் இருக்காது. 'அம்மாவைக் கூப்பிடு' என்று மட்டும் இருக்கும். இதற்கு இன்டர்நெட் வேண்டும், வேறு ஒருவர் சர்வர் வழியாகத்தான் போகும். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார். செய்தியின் வாசகத்தை எழுதியதும் அவர்தான்.

ஒரு தடவை வந்தது. காலை எட்டே கால் மணி. அம்மா போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டு, அவர் கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும் வரை பன்னிரண்டு நிமிடம். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிப்போயிற்று. தொட்டி கழுவ ஆள் வந்திருக்கிறார். முந்தின ராத்திரியே மாடித் தொட்டியைக் காலி செய்தாயிற்று. அம்மா சம்ப்பிலிருந்து வாளியில் மொண்டு குளித்துவிட்டு, மாடியில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பஸ்ஸர் கீழே ஹாலில் அடித்திருக்கிறது. சம்ப் தண்ணீர் சென்சார் வழியாகப் போகாதே. மாடிப்படியிலும் ஒரு பஸ்ஸர் இப்போது இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து அந்த லேப்டாப்பைப் பார்க்கவும் வழி இருக்கிறது என்று அக்கா மகன் சொன்னான். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லாமல் வீட்டு ரவுட்டருக்கு நேராக ஒரு பாதை போட்டுத் தரலாமாம். வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் அன்றைய எண்ணைப் பார்த்து, லாரி வரும் தேதியைக் குறித்து வைக்கிற அதே தினசரி காலண்டர் தாளில் எழுதி வைக்கிறார். எட்டரை மணிப் போனில் முந்தின நாள் கணக்கைப் படிப்பார்.

நேற்று 146 என்றார். அதற்கு முந்தின நாள் 210. "எப்படிம்மா 210?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு உனக்கு?" என்றார்.